தகுதி என்ற பெயரில் சாதி: அறக்கட்டளை வீடுகள் யாருக்கு?

2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எட்டு மாதங்கள் ஒரு அறக்கட்டளையில் களப்பணியாளராக வேலை பார்த்தேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயல், டெல்டாவின் கூரைகளையெல்லாம் பிய்த்துப் போட்டிருந்த நேரம் அது. டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். குடிசை இழந்தவர்களுக்குக் கான்கிரீட் வீடு கட்டிக் கொடுக்கும் வேலை என்றார்கள். சம்பளம் குறைவுதான் என்றாலும் யோசிக்காமல் சேர்ந்துவிட்டேன்.

எட்டுப் பக்கப் படிவம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். வீடு வீடாகப் போய் நிரப்ப வேண்டும். குடும்பத்தில் எத்தனை பேர், என்ன தொழில், மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே போகும். ஏழாவது கேள்வி: வீடு கட்டவிருக்கும் மனைக்கு விண்ணப்பதாரர் பெயரில் பட்டா உள்ளதா? இல்லையென்றால் மற்றப் பக்கங்களைத் திருப்ப வேண்டியதில்லை. கீழே உள்ள கட்டத்தில் 'தகுதியில்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த குடிசைக்குப் போகலாம்.

அந்தக் கட்டத்தில் என் சொந்த அத்தையின் பெயருக்கு எதிரிலும் நான்தான் எழுதினேன். கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். வாய்க்கால் கரைப் புறம்போக்கில் தார்ப்பாய் கட்டியிருந்தார். அவர் வாழ்நாளில் செங்கல் சுமக்காத ஊர் கிடையாது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கும், சென்னையில் அடுக்குமாடிக்கும் சித்தாளாகச் சாந்துச் சட்டி தூக்கியவர். நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பட்டா இருந்தா நான் ஏன் மருமவனே தார்ப்பாயில கெடக்கேன்?"

அதற்கு அந்தப் படிவத்தில் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

கருணையின் வடிகட்டி

அறக்கட்டளைகளும் தொண்டு நிறுவனங்களும் கட்டித்தரும் வீடுகளைப் பற்றி நம்மில் பலருக்கு ஒரு பொதுப்புத்தி இருக்கிறது. பணம் உள்ளவர்கள் கொடுக்கிறார்கள், இல்லாதவர்கள் பெறுகிறார்கள், இதில் அரசியல் எங்கே வந்தது என்று கேட்கிறோம். நடுவில் ஒரு வடிகட்டி இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. எங்கும் வீடுகள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். ஆகவே யாருக்கு என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவின் பெயர்தான் தகுதி.

நான் பார்த்தவரை அந்தத் தகுதி ஐந்து படிகளாக இருக்கும். முதலில் மனை உங்களுடையதாக இருக்க வேண்டும். இரண்டாவது, அஸ்திவாரத்துக்கோ கதவு ஜன்னலுக்கோ உங்கள் பங்காக ஒரு தொகை தர வேண்டும். மூன்றாவது, உடலுழைப்புத் தர வேண்டும். நான்காவது, ஆவணங்கள் சரியாக இருக்க வேண்டும். ஐந்தாவது, ஊர்ப் பெரியவர்கள் உள்ள தேர்வுக் குழு உங்கள் பெயரை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஐந்திலும் சாதி என்ற சொல் கிடையாது. நம் நாட்டில் சாதி வேலை செய்ய அந்தச் சொல் தேவையும் இல்லை.

பட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் நத்தம் இருக்கிறது. தாத்தா காலத்து மனை, பேரன் பெயருக்கு மாறி வருகிறது. சேரியில் பாதி வீடுகள் புறம்போக்கிலும், கோயில் நிலத்திலும், பண்ணையாரின் வரப்பு ஓரத்திலும் நிற்கின்றன. அது தற்செயல் கிடையாது. நிலம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாக விலக்கப்பட்டவர்களின் தெரு அது. 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அது இன்று யார் கையில் இருக்கிறது? காரணையில் அந்த நிலத்தை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள். இத்தனை ரத்தம் சிந்தியும் கிடைக்காத ஒரு காகிதத்தை, ஒரு தொண்டு நிறுவனம் சாவகாசமாக 'ஏழாவது கேள்வி' ஆக்கி வைத்திருக்கிறது.

பட்டா இருப்பவர்களின் கதையும் சுலபமில்லை. ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த இலவச மனைப்பட்டாவை மஞ்சள் பையில் மடித்து வைத்திருப்பவர்கள் அந்தத் தெருவில் இருந்தார்கள். ஆனால் மனை எங்கே என்று கேட்டால் வயலைக் கைகாட்டினார்கள். அளந்து, கல் நட்டு யாரும் ஒப்படைக்கவில்லை. பட்டா இருக்கிறது, நிலம் இல்லை. அவர்களுக்கும் நான் 'தகுதியில்லை' என்றுதான் எழுதினேன்.

நான்காவது படி இன்னும் நுணுக்கமானது. கணவரை இழந்த பெண்ணின் பெயர் மாமனாரின் குடும்ப அட்டையில் இருக்கும். மாமனாருக்கு அரசு கொடுத்த தொகுப்பு வீடு ஒன்று, மழைக்கு ஒழுகிக்கொண்டு நிற்கும். படிவத்தின் கணக்கில் அவர் 'ஏற்கெனவே வீடு உள்ள குடும்பம்'. அந்த ஒற்றை அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று கேட்கும் கட்டம் படிவத்தில் கிடையாது.

நல்ல ஏழை, கெட்ட ஏழை

இது நம் ஊர்க் கோளாறு மட்டுமில்லை. தரும வீடுகளின் வரலாறு நெடுகத் தகுதிப் பட்டியலின் வரலாறுதான்.

லண்டனில் ஜார்ஜ் பீபாடி என்ற அமெரிக்கச் செல்வந்தர் 1862இல் ஏழைகளின் குடியிருப்புக்காக 1,50,000 பவுண்டு கொடுத்தார். 1864இல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் முதல் குடியிருப்பு திறக்கப்பட்டது. சேறும் காலராவும் நிறைந்த அந்த நகரத்தில் அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் விதிகளைப் பாருங்கள். வாடகையை வாரந்தோறும் முன்கூட்டியே கட்ட வேண்டும், பாக்கி வைக்கக் கூடாது. இன்று கூலி கிடைத்தால் உண்டு, நாளை நிச்சயமில்லை என்று துறைமுகத்தில் நின்ற கூலித் தொழிலாளியால் அது முடியுமா? சலவைக் கூடத்தில் குடியிருப்போர் தங்கள் துணியை மட்டுமே துவைக்கலாம், அடுத்தவர் துணியைத் துவைக்கக் கூடாது என்று இன்னொரு விதி. ஊரார் துணி துவைத்துப் பிழைத்த பெண்ணுக்கு அந்த ஒரு விதியே கதவைச் சாத்தியது.

'அவள் வரக் கூடாது' என்று யாரும் எழுதவில்லை. அவள் தொழிலைத் தடை செய்தார்கள், அவ்வளவுதான். தொழிலை வைத்தே மனிதர்களை அடுக்கிய நாட்டில் பிறந்த நமக்கு இந்தத் தந்திரம் புதிதா?

ஒரே மேசையில் பிறந்த திட்டம்

இரண்டாவது உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. அதனாலேயே அதன்மேல் கோபமும் உண்டு.

1942இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கிளாரன்ஸ் ஜோர்டான் உள்ளிட்டோர் 'கொய்நோனியா' என்ற பண்ணையைத் தொடங்கினார்கள். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உழைத்து, ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட பண்ணை. நிறவெறி சட்டமாகவே இருந்த தென் மாநிலத்தில் அதை விடுவார்களா? 1950களில் துப்பாக்கியால் சுட்டார்கள், குண்டு வைத்தார்கள். அதோடு நிற்காமல் பண்ணைக்கு விதை விற்க மறுத்தார்கள், விளைந்ததை வாங்க மறுத்தார்கள். நம் மொழியில் சொன்னால் ஊர்விலக்கம்.

அந்தப் பண்ணையில்தான் 1968 வாக்கில் ஜோர்டானும் மில்லார்ட் ஃபுல்லரும் ஒரு வீட்டுத் திட்டத்தை யோசித்தார்கள். வட்டியும் இலாபமும் இல்லாமல் வீடு கட்டிக் கொடுப்பது, குடும்பம் தவணையாகத் திருப்பிக் கட்டுவது, அந்தப் பணத்தில் அடுத்த வீட்டைக் கட்டுவது. 1976இல் அது 'ஹேபிடட் ஃபார் ஹ்யூமானிட்டி' என்ற அமைப்பாக ஆனது. முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் சுத்தியல் பிடித்து வேலை செய்த அமைப்பு அதுதான்.

அதன் தகுதி மூன்று: தேவை இருக்க வேண்டும், தவணை கட்டும் சக்தி இருக்க வேண்டும், கூட்டாளியாக உழைக்க மனம் இருக்க வேண்டும். இனமோ மதமோ பார்ப்பதில்லை. பிச்சையாக வாங்காமல், வட்டியில்லாக் கடனாக வாங்கி, சொந்த உழைப்பையும் போட்டுக் குடியேறும் மரியாதை அதில் இருக்கிறது. வங்கிகள் கறுப்பின மக்களுக்கு வீட்டுக் கடன் மறுத்துவந்த நாட்டில் அந்த மரியாதையின் எடை அதிகம்.

ஆனால் இரண்டாவது தகுதியைக் கவனியுங்கள். வங்கி கடன் தராத அளவுக்கு ஏழையாக இருக்க வேண்டும், தவணை தவறும் அளவுக்கு ஏழையாக இருக்கக் கூடாது. இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருப்பவருக்குத்தான் வீடு. அடிக்கோட்டுக்கும் கீழே இருப்பவருக்கு அனுதாபம் மட்டும்தான். நிறவெறிக்கு எதிராகப் பிறந்த திட்டத்துக்கே இந்த எல்லை என்றால், சாதியைப் பற்றி ஒருநாளும் யோசிக்காத நம்மூர் அறக்கட்டளைகளை என்ன சொல்வது?

மூன்றாவது தகுதியான உழைப்புப் பங்கு இங்கே இறக்குமதியாகும்போது கேலிக்கூத்தாகவே ஆகிவிடுகிறது. அங்கே ஒரு கடை ஊழியர் விடுமுறை நாளில் வந்து சுவருக்கு வண்ணம் அடிப்பது பெருமை. இங்கே, பிறந்தது முதல் அடுத்தவர் வீட்டுக்குக் கல் சுமந்த பெண்ணிடம் போய், "உழைப்பின் மகத்துவத்தை நீங்கள் உணர வேண்டும், முப்பது நாள் கூலியில்லாமல் வேலை செய்யுங்கள்" என்கிறோம். முப்பது நாள் கூலி போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. கூலியில்லா உழைப்புக்கு நம் ஊரில் ஏற்கெனவே பெயர் உண்டு. வெட்டி வேலை. தாத்தாக்கள் போராடி ஒழித்ததைப் பேரன்மார் 'பங்களிப்பு' என்று பெயர் மாற்றிக் கொண்டுவருகிறோம்.

கடலோரம் கற்றுத் தந்தது

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் தமிழ்நாட்டுக் கடற்கரையில் தொண்டு நிறுவனங்கள் கட்டிய அளவுக்கு வீடுகள் அதற்கு முன் கட்டப்பட்டதில்லை. அரசு நிலம் கொடுத்தது, நிறுவனங்கள் வீடு கட்டின. மீனவ மக்களின் இழப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. கடல் அவர்களைத்தான் முதலில் அடித்தது.

ஆனால் இழப்பை எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள். படகும் வலையும் கரையோர வீடும் போனால் அது இழப்பு. உப்பளக் கூலி, உப்பு ஏறிப்போன வயலில் நடவுக்குப் போன கூலி, மீன் கூடை சுமந்த கூலி போனால் அது பட்டியலில் ஏறுவதற்கே போராட வேண்டியிருந்தது. நிவாரண முகாம்களிலேயே தலித்துகள் தனியாக ஒதுக்கப்பட்டதும், குடிநீருக்கும் உணவுக்கும்கூட விரட்டப்பட்டதும் அன்றே உண்மையறியும் குழுக்களால் பதிவு செய்யப்பட்டவை. உதவிக்கு வந்த நிறுவனங்கள் பல, ஊர்ப் பஞ்சாயத்து கொடுத்த பட்டியலையே வேதவாக்காக எடுத்துக்கொண்டன. சமூகம் ஏற்றுக்கொண்ட பட்டியல் என்று அறிக்கை எழுதின. எந்தச் சமூகம்? அந்தக் கேள்வியைக் கேட்க அவர்களுக்கு நேரமில்லை. நிதியாண்டு முடிவதற்குள் வீடு முடிய வேண்டுமே.

நான் வேலை பார்த்த இடத்திலும் தேர்வுக் குழு ஊர்க் கோயில் மண்டபத்தில்தான் கூடியது. சேரியிலிருந்து ஒருவரை அழைத்திருந்தார்கள். அவர் படிக்கட்டில் நின்றார்.

"அவங்க பணம், அவங்க இஷ்டம்"

இந்தக் கட்டுரைக்கு வரப்போகும் முதல் எதிர்வாதம் இதுதான். அரசு என்றால் கேள்வி கேட்கலாம், தனியார் தருமத்தைக் கேட்க நாம் யார்?

முதலில், அது முழுக்க அவர்கள் பணம் கிடையாது. நன்கொடை தருபவர் வருமான வரிச் சட்டப்படி கழிவு பெற முடிகிறது. அரசுக்கு வர வேண்டிய வரியில் ஒரு பங்குதான் அந்தச் சுவரில் சிமெண்டாக ஒட்டியிருக்கிறது. பெரிய நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் பெருந்தன்மையால் வருவதில்லை. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதிக்கும் நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி இலாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும் என்கிறது. சட்டப்படி கொடுப்பதைத் தருமம் என்று கல்வெட்டில் பொறித்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, அரசின் திட்டங்களில் எத்தனை ஊழல் இருந்தாலும் அங்கே நமக்கு ஒரு பிடி இருக்கிறது. 1985-86இல் இந்திரா ஆவாஸ் திட்டம் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் என்று பெயர் சொல்லித்தான் தொடங்கியது. 1998இல் மேலக்கோட்டையில் திறக்கப்பட்ட முதல் சமத்துவபுரத்தில் 100 வீடுகளில் 40 தலித்துகளுக்கு என்று எழுதி வைத்தார்கள். அவற்றில் குறைகள் ஆயிரம் உண்டு, நாமே பேசியிருக்கிறோம். ஆனால் சாதியைப் பெயர் சொல்லி அழைத்த பட்டியல் அது. கிடைக்கவில்லையென்றால் கலெக்டர் அலுவலகத்தில் உட்காரலாம், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், நீதிமன்றம் போகலாம். அறக்கட்டளையின் படிவத்தில் 'தகுதியில்லை' என்று எழுதிவிட்டால் மேல்முறையீடு எங்கே செய்வது? என் அத்தைக்கு அந்த முடிவைச் சொன்ன கடிதம்கூட வரவில்லை. என் கையெழுத்து மட்டும்தான்.

அண்ணல் அம்பேத்கர் 1932 நவம்பரில், வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலில் போகும் வழியில், தீண்டாமை ஒழிப்புக் கழகத்தின் செயலாளர் தக்கர் பாபாவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஒடுக்கப்பட்டவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து நல்லொழுக்கம் கற்பிப்பதில் பணத்தைக் கரைக்காதீர்கள், மொத்தச் சமூகச் சூழலையும் மாற்றும் உரிமைப் போராட்டத்துக்குச் செலவழியுங்கள் என்பது அதன் சாரம். கிணறு, பள்ளி, வேலை ஆகியவற்றில் உரிமையை நிலைநாட்டுங்கள் என்றார். கழகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. பின்னாளில் ஒடுக்கப்பட்டவர்கள் அதன் நிர்வாகத்தில் இடம் கேட்டபோது, இது சாதி இந்துக்கள் செய்யும் பிராயச்சித்தம், ஆகவே அவர்களே நடத்த வேண்டும் என்று காந்தி சொல்லிவிட்டார்.

கொடுப்பவனின் பாவம் தீர்வதற்காகக் கொடுக்கப்படும் வீட்டில், பெறுபவருக்குக் குழுவில் நாற்காலி எதற்கு? படிக்கட்டு போதும்.

அப்படியானால் வேண்டாமா?

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழை நாளில் ஒழுகாத கூரையைக் கோட்பாட்டுக்காக மறுக்கச் சொல்லும் துணிவு எனக்கில்லை. தார்ப்பாயில் படுக்காதவர்கள் அதைச் சொல்லவும் கூடாது.

வேறு வழியில் செய்தவர்கள் நம் மண்ணிலேயே இருக்கிறார்கள். 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரை எரித்த கீழ்வெண்மணிக்குப் பிறகு அந்த வட்டாரத்தில் வேலை செய்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், 1981இல் 'லாஃப்டி' அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் கையிலெடுத்த முதல் வேலை நிலம். நிலமற்ற தலித் பெண்களின் பெயரில் நிலத்தைப் பதிவு செய்ய வைத்தார்கள், வீட்டு வேலைகள் பின்னால் வந்தன. அந்த இயக்கத்தின் சர்வோதய அரசியலோடு நமக்கு முரண்பாடு உண்டு. ஆனால் வரிசை சரி. பட்டா இல்லாததைத் தகுதிக் குறைவாகப் பார்க்காமல், தீர்க்க வேண்டிய முதல் பிரச்சினையாகப் பார்த்தார்கள். என் அத்தையின் கேள்விக்கு நான் அறிந்த ஒரே நேர்மையான பதில் அது.

ஆகவே தோழர்களே, உங்களிடம் சிலவற்றைக் கேட்கிறேன். உங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாமிலோ, கம்பெனியின் தன்னார்வ நாளிலோ வீடு கட்டப் போகச் சொன்னால் போங்கள். மட்டப்பலகையைக் கையில் எடுக்கும் முன் பயனாளிகள் பட்டியலைக் கேளுங்கள். நிராகரிக்கப்பட்டவர்களின் பட்டியலையும் காரணத்தோடு கேளுங்கள், உண்மை அங்கேதான் இருக்கும். தேர்வுக் குழுவில் சேரியிலிருந்து எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர், எங்கே உட்கார்ந்து கூடினார்கள் என்று கேளுங்கள். புதிய குடியிருப்பு எங்கே வருகிறது, சேரிக்கும் அப்பால் சுடுகாட்டுப் பக்கமா, ஊரோடு சேர்ந்தா என்று பாருங்கள். பட்டா இல்லாதவர்களுக்காக அந்த நிறுவனம் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு மனுவாவது கொடுத்திருக்கிறதா என்று கேளுங்கள். வீடு பெண்ணின் பெயரில் பதிவாகிறதா என்று பாருங்கள். பதில் சொல்ல முடியாத இடத்தில் செல்ஃபி எடுக்காதீர்கள்.

நிறுவனங்களிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு வட்டாரத்துக்கு 30 வீடு கட்டும் பணம் இருந்தால், அதில் ஒரு பகுதியை நில அளவைக்கும் வழக்கறிஞருக்கும் ஒதுக்குங்கள். சுவர் எழும்பும் படம் கிடைக்காது, நன்கொடையாளருக்கு அனுப்ப ஒன்றும் இருக்காது. ஆனால் ஏழாவது கேள்விக்கு 'ஆம்' என்று எழுதக்கூடிய குடும்பங்கள் அந்தத் தெருவில் கூடும்.

எட்டு மாதத்தில் நான் அந்த வேலையை விட்டேன். வீரமாக எதிர்த்து வெளியே வந்ததாகச் சொன்னால் பொய். திட்டம் முடிந்தது, ஒப்பந்தமும் முடிந்தது. திறப்பு விழாவில் பந்தி பரிமாறினேன். கட்டிய வீடுகள் நல்ல வீடுகள்தான், கம்பியில் குறை வைக்கவில்லை.

அதன் பிறகு அத்தைக்காக மனைப்பட்டா கேட்டு நான் எழுதிய மனுக்கள் இதுவரை ஒன்பது. குறைதீர் நாளில் கொடுத்தவை, ஜமாபந்தியில் கொடுத்தவை, தபாலில் அனுப்பியவை. நீர்நிலைப் புறம்போக்கு என்பதால் அதே இடத்தில் தர இயலாது, மாற்று இடம் பரிசீலனையில் உள்ளது என்று ஒரு பதில் வந்திருக்கிறது. அந்தத் தெருவில் இன்னும் பதினேழு குடும்பங்கள் இப்போது தங்கள் மனுவையும் சேர்த்துக் கொடுத்திருக்கின்றன. எல்லாம் நான் ஒருகாலத்தில் 'தகுதியில்லை' என்று எழுதிய பெயர்கள். பத்தாவது மனுவை எல்லோரும் சேர்ந்தே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறோம். வட்டாட்சியர் அலுவலகப் படிக்கட்டில் நிற்பதாக இல்லை, உள்ளே போய் உட்காருவதாகத்தான் முடிவு.